நாடாவில் வைத்த பொட்டு

நான் அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று முறை நோட்டில் ரத்தம் இருந்தது.

பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்த சான்றிதழ்களை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். மேஜைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தலையை அண்ணாந்து, மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் ஒரு டிரைவர் அவருடைய தலைமுடியைப் பிடித்து, முகத்தை அந்த நோட்டின் மேலேயே மோதிவிட்டுப் போயிருந்தான். அவர் துண்டை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. நனைந்த பக்கத்தை பிளேடால் அறுத்தெடுத்து, அதைப் பார்த்து அடுத்த பக்கத்தில் வண்டி எண்களை மறுபடி எழுத ஆரம்பித்தார்.

"உக்காருங் அம்மிணி. இத முடிச்சுப்போட்டு வாரேன்" என்றார்.

சங்ககிரியில் லாரி உரிமையாளர்கள் சிலர் சேர்ந்து நடத்திய முறை ஆபீஸ் அது. லாரிகள் நிற்கும் யார்டுக்கு எந்த வண்டி முதலில் வந்ததோ அதற்கு முதல் லோடு. அதுதான் முறை. முறை தவறிய வண்டி மூன்று நாளோ நான்கு நாளோ வெயிலில் கிடக்கும். டிரைவரும் அதன் அடியில் படுத்துக் கிடப்பான். அந்த வரிசையை எழுதுகிறவர் இவர். எல்லோரும் அவரை அண்ணா என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னை லோடு ரசீதுகளைத் தட்டச்சு செய்யத்தான் எடுத்தார்கள்.

எனக்கு எதையும் பட்டியலாக எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. முதல் மூன்று மாதத்தில் அங்கே விழுந்த அடிகளைக் கட்டம் போட்டு எழுதி வைத்தேன். அடித்தவர், அடிபட்டவர், அடிபட்ட இடம், தையல், ஆயுதம், காரணம். ஆயுதத்தின் கட்டத்தில் ஜாக்கி லீவர், ஸ்பிரிங் பட்டை, சோடா பாட்டில், தார்ப்பாய்க் கயிறு என்று விதவிதமாக இருந்தது. ஒரு கிளீனருக்குக் காது பாதி பிய்ந்து தொங்கியது. அதைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி அவன் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனான். காரணத்தின் கட்டத்தில் மட்டும் எல்லா வரியிலும் ஒரே சொல்தான். முறை.

அண்ணா இரண்டு வரிகளுக்கு நடுவே வேண்டியவர்களின் எண்ணை நுழைத்து எழுதுகிறார் என்பது டிரைவர்களின் சந்தேகம். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. ஆனால் பேனாவும் நோட்டும் ஒருவர் கையில் இருந்தால் அதை நிரூபிக்கவும் வழியில்லை. ஒருமுறை அவரை ஜன்னல் கம்பி வழியாகச் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். கழுத்து கம்பிகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டது. முகம் கறுத்து, கண் பிதுங்கி, கால் உதைத்துக்கொள்ள ஆரம்பித்த பிறகுதான் விட்டார்கள். அன்று சாயங்காலம் என் பட்டியலை உரிமையாளர்களின் தலைவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு பக்கத்தையும் படித்துவிட்டு, கம்ப்யூட்டர் என்று ஒன்று வந்திருக்கிறதாமே, அதில் யாரும் நடுவில் எழுத முடியாதாமே என்று கேட்டார். முடியாதபடி செய்யலாம் என்றேன். அப்படியானால் எதை வாங்கலாம் என்று பார்த்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்.

இரண்டு மெஷின்களைப் பார்த்தேன்.

ஒன்று சேலத்தில் டி.வி. விற்கும் கடையில் இருந்தது. விசைப்பலகைக்குள்ளேயே முழுக் கம்ப்யூட்டரும் அடக்கம். ரப்பர் விசைகள். வீட்டு டி.வி.யில் மாட்டிக்கொள்ளலாம். எழுதியதைச் சாதாரண டேப் ரெக்கார்டரில், பாட்டுக் கேட்கிற அதே கேசட்டில் பதிந்துகொள்ளலாம். பெட்டியின் மேல் ஓர் அப்பாவும் அம்மாவும் இரண்டு குழந்தைகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பாலிடெக்னிக்கில் நான் புரோகிராம் எழுதக் கற்றது இதில்தான்.

மற்றது கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்து காட்டியது. அலுவலகங்களுக்கென்றே செய்தது. இரும்புப் பெட்டி, தனித் திரை, பதிந்து வைக்கும் பிளாப்பித் தட்டைச் செருக இரண்டு வாய், கூடவே ஒரு பிரிண்டர். விலை நான்கு பங்கு அதிகம். தூசி இல்லாத அறை வேண்டும், ஏ.சி. வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும் என்றார். வாசலில் இருபது லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டிருந்தன. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். எல்லாம் சொல்லி முடித்தபின் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த மெஷினை யார் யார் தொடுவாங்க?"

"நான் மட்டும்தான்" என்றேன். பெண் என்பதால் கேட்கிறார் என்று நினைத்துக் கோபம்கூட வந்தது.

வீட்டுக்குப் போய்ப் பட்டியல் போட்டேன். வீட்டு மெஷினுக்குப் பதினோரு காரணங்கள் கிடைத்தன. விலை, கற்ற மொழி, ஏ.சி. தேவையில்லை, ரேடியோ மெக்கானிக்கே பழுது பார்ப்பார் என்று வரிசையாக. அலுவலக மெஷினுக்கு நான்கு. இரும்பு மூடி, பிளாப்பி, பிரிண்டர், அழைத்தால் வரும் இன்ஜினியர். பதினொன்று பெரியதா நான்கு பெரியதா என்று மட்டும்தான் பார்த்தேன். எண்ணுவதும் எடை போடுவதும் ஒன்று என்று அந்த வயதில் நம்பியிருந்தேன். வீட்டு மெஷினையே வாங்கலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

டி.வி.யை ஜன்னலுக்கு உள்பக்கம், டிரைவர்கள் பார்க்கும்படி வைத்தோம். வண்டி வந்ததும் அண்ணா எண்ணைச் சொல்வார், நான் அடிப்பேன், அது திரையில் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் எதையும் நுழைக்க என் புரோகிராம் விடாது. பக்கத்து பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வைக்கும்போதெல்லாம் படம் சுருங்கி நடுங்கியது. ஆனால் ஆபீஸுக்குள் அடி நின்றுவிட்டது. யார்டில் நின்றுவிடவில்லை. சந்தேகம் வந்தவன் ஜன்னலில் வந்து முறைப்பான், திரையைப் படிப்பான், காறித் துப்பிவிட்டுப் போவான். நான்கு மாதத்தில் அண்ணாவின் மேல் ஒரு கைகூடப் படவில்லை. இரண்டு கணக்கு இருந்தால் அதுவே சண்டைக்கு வழி என்று சொல்லி நோட்டு எழுதுவதையும் நான்தான் நிறுத்தினேன்.

ஒருநாள் அவர் டேப் ரெக்கார்டரைக் காட்டி, சாயங்காலம் கரண்டை அணைத்துவிட்டால் முறையெல்லாம் எங்கே போய்ப் படுத்துக்கொள்கிறது என்று கேட்டார். கேசட்டை எடுத்து, அடியில் தெரிந்த பழுப்பு நாடாவைக் காட்டினேன். இதற்குள்தான் அண்ணா, என்றேன். ஒன்று கெட்டுப்போனால் என்ன செய்வது என்று இரண்டு கேசட் வைத்திருப்பதையும் சொன்னேன். அவர் நாடாவைத் தொடாமல், கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

ஆயுத பூஜை வந்தது. முந்தின நாள் சாயங்காலம் முப்பத்தொரு வண்டிகள் முறையில் நின்றன. நான் இரண்டு கேசட்டிலும் பதிந்துவிட்டு, விடுமுறைக்கு வீட்டுக்குப் போனேன். பூஜையன்று எந்த ஆயுதமும் வேலை செய்யக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று எடுக்கும் முதல் லோடு அந்த வருஷம் முழுக்க வழி நடத்தும் என்பது அங்குள்ள ஒவ்வொரு டிரைவரின் நம்பிக்கை. அதனால் அன்றைய முறைக்காகக் கொலைகூட விழும் என்று சொல்வார்கள்.

விஜயதசமி காலை நான் போனபோது வண்டிகளெல்லாம் கழுவி மாலை போட்டு நின்றன. நசுங்கிய எலுமிச்சம்பழமும் உடைந்த பூசணிக்காயும் யார்டு முழுக்கக் கிடந்தன. டி.வி.க்கும் விசைப்பலகைக்கும் சுவிட்சுக்கும் சந்தனப் பொட்டு. நான் மெஷினைப் போட்டு, டேப்பை ஓட்டினேன். வழக்கமான கிறீச்சொலி வந்தது. நடுவில் ஒரு விக்கல். திரையில் பிழை என்று வந்தது. திரும்பச் சுற்றி மறுபடி ஓட்டினேன். அதே இடத்தில் அதே விக்கல். இரண்டாவது கேசட்டைப் போட்டேன். அதிலும்.

கேசட்டை வெளியே எடுத்தேன். அடிப்பக்கத்தில், நாடாவின் மேலேயே, சந்தனமும் அதன்மேல் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தது. மற்றதிலும் அதே இடத்தில்.

அண்ணா என் பின்னால் நின்றிருந்தார். "நாந்தானுங் வெச்சேன்" என்றார். குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது. "டிவிக்கு வெச்சு, சுச்சுக்கு வெச்சு, உசுரு இருக்கற எடத்துக்கு வெக்காம உட்டா நல்லாவா இருக்குமுங்? ரெண்டுல ஒண்ண உட்டாலும் குத்தமுங்களே."

அவரைக் காப்பாற்றிய பொருளுக்கு அவர் நன்றி சொல்லியிருந்தார். என் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. ஜன்னலுக்கு வெளியே, திரையில் ஏன் எண் வரவில்லை என்று சத்தம் கிளம்பியிருந்தது. யாரோ கம்பியில் லீவரால் தட்டிக்கொண்டிருந்தான்.

"நீங்க உள்ளயே இருங் அம்மிணி. என்ற தப்பு. நானே சொல்லிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

இதற்குப் பின் நடந்ததைச் சரியாக எழுத வேண்டும். நான் உள்ளே இருந்தேன். கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து நாடாவைத் துடைத்தேன். மறுபடி ஓட்டினேன். வெளியே முதலில் வசவு கேட்டது. அப்புறம், யாருகிட்டக் காசு வாங்கிக்கிட்டு அழிச்சே என்று ஒருவன் கேட்டது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் நான்தான் முதல் வண்டி என்றார்கள். ஒருவனை இன்னொருவன் பம்பரில் மோதிய சத்தம், பல் உடைந்து துப்பிய சத்தம். நான் மூன்றாவது முறையாக நாடாவைச் சுற்றினேன். ஸ்பிரிங் பட்டை ஒன்று யாரோ ஒருவன் மண்டையில் விழுந்தது. அதற்குத் தேங்காய் உடைவது போன்ற ஒலி இல்லை, ஈரத்துணியை அறைந்தது போலத்தான் இருந்தது. ஒரு கல் வந்து டி.வி.யின் கண்ணாடியை உடைத்தது. அதற்குப் பிறகும் என் கை டேப்பின் பொத்தானை அமுக்கியது. திரையே இல்லை, எதைப் பார்க்கப் போகிறேன் என்று தோன்றவில்லை.

அந்த வரிசை எனக்குத் தெரியும். முந்தாநாள் நான்தான் அடித்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு எண்கள் மனப்பாடம். பட்டியல் என்றால் எனக்கு அப்படித்தான், ஒருமுறை எழுதினால் நிற்கும். வெளியே போய் அதைச் சொல்லியிருக்கலாம். மெஷின் சொன்னால்தான் நம்புவார்கள் என்று நினைத்தேனா, பயந்தேனா என்று இன்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அண்ணாவின் அலறல் கேட்டதும் வாசலுக்கு ஓடினேன். லாரியின் பின்கதவுப் பலகை மேல் அவருடைய வலது கையை இரண்டு பேர் அழுத்திப் பிடித்திருந்தார்கள். மூன்றாமவன் ஜாக்கி லீவரால் அடித்துக்கொண்டிருந்தான். எழுதுன கைதானடா இது, என்று ஒவ்வோர் அடிக்கும் சொன்னான். விரல்கள் விரல் மாதிரி இல்லை. பலகையிலிருந்து வழிந்த ரத்தம் பூசணிக்காயின் குங்குமத்தோடு கலந்தது.

நான் படியில் நின்று எண்களைச் சொன்னேன். கத்தவில்லை என்று நினைக்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை எண்ணோடு வண்டி எண்ணையும் சொல்லிக்கொண்டே போனேன். ஐந்தாவதைச் சொல்லும்போது லீவர் நின்றது. முதல் வண்டியின் டிரைவர், ஆமா, அதேதான், எனக்குப் பின்னால் அவன்தான் நின்னான் என்றார். மற்றவர்களும் தங்கள் முன்னால் நின்றது யார், பின்னால் நின்றது யார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். முப்பத்தொரு பேருக்கும் தங்கள் இடம் தெரிந்தே இருந்தது. லீவர் வைத்திருந்தவன் நான்காவது. அன்று மத்தியானமே அவனுக்கு லோடு கிடைத்திருக்கும்.

போலீஸ் வந்து எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு போனது. ஒருவனுக்கு மண்டை பிளந்திருந்தது, பிழைத்துக்கொண்டான். அண்ணாவுக்கு சேலத்தில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள்.

தலைவர் கூட்டிய கூட்டத்தில் பாதிப்பேர் கம்ப்யூட்டரே வேண்டாம், நோட்டே போதும் என்றார்கள். மறுபடி எழுதிக் கொடு என்று தலைவர் என்னிடம் சொன்னார். இந்தமுறை காரணங்களை எண்ணவில்லை. தாளின் உச்சியில், இந்த மெஷினைத் தொடப் போகிறவர்கள் எல்லோரும், என்று எழுதினேன். வணங்குகிறவர், அடிக்கிறவர், துடைக்கிறவர், பொட்டு வைக்கிறவர். அதற்குக் கீழே, வீட்டில் வைத்துக்கொள்ளும் மெஷின் அன்பைக்கூடத் தாங்காது, இங்கே இரும்பு மூடி போட்டது வேண்டும், சாயங்காலம் காகிதத்தில் அடித்துக் கொடுப்பது வேண்டும் என்று எழுதினேன். முன்பு நான் தப்பாகத் தேர்ந்தெடுத்ததையும், நோட்டை நிறுத்தியதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அலுவலக மெஷின் வந்தது. ஏ.சி. வாங்கவில்லை. அறைக்குக் கண்ணாடித் தடுப்பு மட்டும் வைத்தோம். தினமும் சாயங்காலம் முறையை மூன்று படி அடித்தேன். ஒன்று சுவரில் கம்பிவலைக்குள், ஒன்று தலைவர் வீட்டுக்கு, ஒன்று அண்ணாவின் சட்டைப்பைக்கு.

அவர் ஐந்து மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். வலது கையை மடியிலேயே வைத்துக்கொள்வார். அடுத்த ஆயுத பூஜைக்கு இடது கையில் சந்தனக் கிண்ணத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"இதுக்கு எங்கீங் அம்மிணி வெக்கறது?"

நான் இரும்பு மூடியின் நெற்றியைக் காட்டினேன். அவர் பெட்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "நாலு மூலைக்கும் ஸ்குரு போட்டு முடுக்கியிருக்கறான். என்னயாட்ட ஆளு வருவான்னு அப்பவே தெரிஞ்சிருக்குது" என்றார். அவர்தான் முதலில் சிரித்தார். இடது கையால் வைத்த பொட்டு கொஞ்சம் கோணலாக விழுந்தது. துடைத்துத் திரும்ப வைக்கட்டுமா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

மறுநாள் காலை யார்டில் சண்டை நடந்தது. இரண்டு டிரைவர்கள், வேறு ஏதோ விஷயம். ஒருவனுக்குப் புருவம் கிழிந்தது. அண்ணா அவர்களைத் தாண்டிப் படிக்கு வந்தார், சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து உதறி விரித்தார், முதல் வண்டியின் எண்ணைப் படித்தார். சண்டை போட்ட இருவரும் நின்று, தங்கள் எண் எத்தனையாவது என்று காது கொடுத்தார்கள்.