ஒன்பது வீட்டுக்கும் ஒன்றும் வேண்டாம்

அமெரிக்காவின் தென்கரைப் பக்கம், பேர்லேண்டில் நாங்கள் இருக்கும் தெருவில் தமிழ் வீடுகள் ஒன்பது. ஒவ்வொரு வருடமும் ஜூன் பிறந்தால் போதும், கடலில் எங்காவது ஒரு புயல் சுழல ஆரம்பித்துவிடும். ஒருமுறை பெருமழையில் தெருவில் ஆளாளுக்கு ஒரு பக்கம் ஓடியதைப் பார்த்து எனக்கு எரிச்சலான எரிச்சல். வீட்டுக்கு வீடு எஞ்சினியர், டார்ச் லைட்டில் போட பேட்டரி இல்லை. நான் இருபது வருடமாக ப்ராஜெக்ட் மேனேஜர். பட்டியல் போடாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அதனால் தெருவுக்கு ஓர் அவசரகாலத் திட்டம் போட்டு எல்லோருக்கும் அனுப்பினேன்.

அதில் முக்கியமான கேள்விகள் இரண்டுதான். உங்களால் என்ன தர முடியும்? உங்களுக்கு என்ன தேவைப்படும்? முதல் கேள்விக்கு இடமே போதவில்லை. ஒருவர் கேஸ் அடுப்பு, ரம்பம், ஐம்பது பேருக்குச் சாம்பார் வைக்கும் அண்டா என்று எழுதியிருந்தார். இரண்டாவது கேள்விக்கு ஒன்பது வீட்டிலிருந்தும் ஒரே பதில், 'நத்திங்'. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எவ்வளவு சாமர்த்தியமான தெரு என்று பூரித்துப் போனேன். சுத்த மக்கு நான்.

என் கணவர் அந்த வருடம் ஒரு ஜெனரேட்டர் வாங்கினார். அதைத் துடைப்பதும் போர்வை போட்டு மூடுவதுமாக இருந்தார். "எனக்கு ஜுரம் வந்தப்போகூட இப்படி போத்திவிடல" என்று சொல்லிக் காட்டினேன். அவர் போர்வையின் ஓரத்தைச் சரிசெய்யப் போய்விட்டார். முப்பது வருடத்தில் கற்றுக்கொண்ட பாடம் அது.

புயல் ஒரு நாள் விடியற்காலையில் எங்களைக் கடந்து போனது. வேலிகள் சாய்ந்தன, கரண்ட் போனது, காலை ஒன்பது மணிக்கு ஒன்றுமே நடக்காதது போல வெயில் அடித்தது. வீட்டில் எல்லாம் சரியாக இருந்தால் வாசலில் வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும், உதவி வேண்டுமென்றால் சிவப்புத் துணி. இதுவும் என் திட்டம்தான். தெருவில் இறங்கிப் பார்த்தேன். ஒன்பது வாசலிலும் வெள்ளை. ஒரு வீட்டில் எட்டு முழ வேட்டியே பறந்தது. பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கிய மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பிளாஸ்கில் காபியோடு எதிர்வீட்டுக்குப் போனேன்.

எதிர்வீட்டில் ஓர் இளம் தம்பதி, ஐந்து மாதப் பெண் குழந்தை. அந்தப் பெண் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"ஏதாவது வேணுமாம்மா?"

"ஒண்ணும் வேணாம் ஆன்ட்டி, வி ஆர் குட்."

அவள் தோளுக்குப் பின்னால் சமையலறை தெரிந்தது. அங்கே ஃப்ரிட்ஜுக்கு மூன்று ரஜாய்ப் போர்வைகளைச் சுற்றிக் கயிற்றால் கட்டியிருந்தார்கள். புயலுக்கு ஜன்னலைக் கட்டுவார்கள், காரைக் கட்டுவார்கள். ஃப்ரிட்ஜுக்குக் கம்பளி போர்த்தியதை அன்றுதான் பார்த்தேன்.

"அதுக்கு ஏன் போத்தி வெச்சிருக்கே?"

"ஒண்ணுமில்ல ஆன்ட்டி, சும்மா."

நம் ஊர்ப் பந்தியில் 'போதும்' என்று கையைக் குறுக்கே நீட்டுகிறவரின் இலையில்தான் இன்னும் ஒரு கரண்டி விழும். முதல் போதும் மரியாதைக்கு, இரண்டாவது கூச்சத்துக்கு என்று பரிமாறுகிற எல்லோருக்கும் தெரியும். இதெல்லாம் தெரிந்த நான், ஆபத்துக்காலத்தில் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும் என்பதைக் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு தடவை கேட்டுவிட்டு, பதிலையும் நம்பியிருக்கிறேன். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து, காபியை ஊற்றி அவள் கையில் கொடுத்து, மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

அழுதுவிட்டாள். ஃப்ரீசர் முழுவதும் தாய்ப்பால். அவளுக்குத் தைராய்டில் கோளாறு. இரண்டு வாரத்தில் கதிர்வீச்சு மருந்து கொடுக்கப் போகிறார்கள். அதற்காக டாக்டர் சொல்லி ஏற்கெனவே பால் கொடுப்பதை நிறுத்தியாயிற்று. குழந்தைக்குக் கடைப் பால் பவுடர் எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர் எழுதிக் கொடுத்த பவுடரை நாக்கில் பட்டதும் துப்பிவிடுகிறது. மாதக்கணக்கில் எடுத்துச் சேர்த்து வைத்த அந்தப் பால் பைகள்தான் குழந்தையின் சாப்பாடு. உருகிவிட்டால் இனி ஒரு சொட்டு வராது.

"இதை ஏம்மா எழுதல?"

"அங்கிள்ஸ் எல்லாரும் பார்க்கிற லிஸ்ட்ல இதைப் போய் எப்படி ஆன்ட்டி எழுதறது?"

எனக்கு வந்த கோபத்தில் முக்கால்வாசி என்மேல்தான். எங்கள் கராஜில் இடுப்பு உயரத்துக்கு ஒரு பெரிய ஃப்ரீசர் இருக்கிறது. ஜெனரேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. பத்து நிமிடத்தில் இடம் ரெடியாக வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன். அவர் மூடியைத் திறந்துவிட்டுத் திகைத்து நின்றார். துருவிய தேங்காய், முருங்கைக்காய், பரோட்டா, பட்டாணி, போன தீபாவளி அல்வா. ஒரு வருடச் சாமான்.

"இதெல்லாம் எங்க வைக்கறது?"

"வயித்துல."

அவள் புருஷன், அந்த எதிர்வீட்டுப் பையன், பால் பைகளைப் பெட்டியில் அடுக்கி மூடித் தலையில் வைத்துக்கொண்டு வந்தான். பின்னால் அவள், இடுப்பில் குழந்தை. இங்குள்ள மீனாட்சி கோயிலில் பால்குடம் எடுப்பது போலவே இருந்தது. வழியில் நின்றவர்கள் விஷயம் என்னவென்று கேட்டார்கள். அவள் வாய் திறக்கத் தயங்கினாள். நான் தயங்கவில்லை. ஒரு அங்கிளும் முகம் சுளிக்கவில்லை. அடுத்த அரை மணியில் அதே அங்கிள்கள் புல்வெட்டும் மெஷினுக்கு வைத்திருந்த பெட்ரோல் கேன்களை எங்கள் வாசலில் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். பெரும்பாலான பைகள் கல் மாதிரி இருந்தன. மேல் வரிசையில் நான்கு மட்டும் இளகியிருந்தன. அவற்றை அன்றைக்கே குழந்தைக்குக் கொடுத்துவிட்டோம்.

அதன்பின் நடந்ததற்குப் பெயர் பேரிடர் மேலாண்மை என்றால் வருடத்துக்கு இரண்டு பேரிடர் வரட்டும். பக்கத்து வீட்டு அமெரிக்கக் கிழவர் இறைச்சி சுடும் அடுப்பை உருட்டிக்கொண்டு வர, அதைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி அதில் பரோட்டா போட்டோம். அண்டாவில் முருங்கைக்காய்ச் சாம்பார் கொதித்தது. குழந்தைகள் "இட்ஸ் லைக் எ வெட்டிங்" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள். சாப்பிடும்போதே ஒவ்வொரு வீட்டுக்காரர் பக்கத்திலும் போய் உட்கார்ந்து மூன்று தடவை கேட்டேன். ஒருவருக்கு மாத்திரை தீரும் நிலை. ஒருவரின் அம்மாவுக்கு இருட்டென்றால் நெஞ்சு படபடப்பு. என் வீட்டை விட்டுவிட்டால் எட்டு 'நத்திங்', அதில் ஐந்து பொய். நான்காம் நாள் கரண்ட் வந்தபோது சிலருக்கு வருத்தம்கூட இருந்தது, வெளியே சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் மருந்து எடுத்துக்கொண்டாள். அதன் பிறகு சில நாள் குழந்தையைத் தூக்கக் கூடாது, கிட்டே போகவும் கூடாது. அவள் எதிர்வீட்டு மாடியறையில், குழந்தை எங்கள் வீட்டில். முதல் நாள் மாலை ஒரு பையை எடுத்துச் சூடாக்கினேன். அதன்மேல் அவள் கையெழுத்தில் 'ஆபீஸ் பார்க்கிங், லஞ்ச் டைம்' என்று இருந்தது. காருக்குள் உட்கார்ந்து எடுத்த பால். பாட்டிலோடு வாசலுக்கு வந்து, மர நிழலில் நாற்காலி போட்டுக்கொண்டு குழந்தையை மடியில் போட்டேன். மூச்சு விடாமல் குடித்தது. எதிரே மாடி ஜன்னலில் அவள் நின்றிருந்தாள்.

போனில் கூப்பிட்டேன்.

"ஏதாவது வேணுமாம்மா?"

"வேணும் ஆன்ட்டி" என்றாள் உடனே. "சேரை இந்தப் பக்கம் திருப்பிப் போடுங்க. அவ குடிக்கறது எனக்குத் தெரியணும்."

எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.