நடுத்தாளை உருவிய நாள்

எதிர்வீட்டு நிவேதா நேற்றுச் சாயங்காலம் ஒரு தாளில் கையெழுத்து வாங்க வந்தாள். கல்லூரியில் இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டாளாம். பெரியவர்கள் யாராவது சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். அவள் அப்பா ஊரில் இல்லை. "எங்க போயிச் செஞ்ச?" என்று கேட்டேன். "எங்கயும் போகல அத்தை. லிங்க் அனுப்புனாங்க, கேமராவ ஆஃப் பண்ணிட்டு ஒக்காந்திருந்தேன்" என்றாள். கொடுத்து வைத்தவள். நானும் ஒரு காலத்தில் இன்டர்ன்ஷிப் செய்தவள்தான், மிச்சமானது முதுகுவலி. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு அடுப்பில் பாலை வைத்தேன். பால் பொங்கி வழிந்து தீய்ந்த வாடை வந்த பிறகுதான், நான் எங்கேயோ போயிருந்தது எனக்கே தெரிந்தது.

எங்கே என்கிறீர்களா? புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு. பதினைந்து வருடம் இருக்கும். ஒரு நாளிதழ், பெயர் வேண்டாம், பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகப் பேப்பர் கொடுத்து, பிள்ளைகளுக்கு உள்ளூர்ச் செய்தி வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியிருந்தது. இதழியல் படித்துக்கொண்டிருந்த எங்களில் சிலரை அதற்கு எடுத்தார்கள். நிருபராகப் போகிறோம் என்ற நினைப்பில் நான் புதுப் பேனாவெல்லாம் வாங்கினேன். அவர்கள் என் கையில் கொடுத்தது பண்டல். இருபது பேப்பர், மேலே விரலை அறுக்கிற பிளாஸ்டிக் பட்டை. விடியற்காலைப் பேப்பருக்கு மண்ணெண்ணெயும் ஈரச் சாக்கும் கலந்த மாதிரி ஒரு வாடை உண்டு. அது என் துப்பட்டாவில் ஏறிவிட்டால் வீடு திரும்புகிற வரை போகாது.

எனக்கு விழுந்தது அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம், கடற்கரைக்குப் போகும் சாலையில் ஒரு நடுநிலைப் பள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும். முதல் பஸ்ஸின் கண்டக்டர், "பேப்பரம்மா, ஒண்ணு உருவுங்க" என்று தினமும் ஒன்றை வாங்கிக்கொள்வார். எனக்கு ஒன்று. ஆகப் பதினெட்டுதான் வகுப்புக்குப் போகும். இருபது பிரதிகள் பெற்றுக்கொண்டோம் என்று தலைமையாசிரியை ஆரோக்கியமேரி டீச்சர் சலிக்காமல் சீல் வைத்துக் கொடுப்பார். பத்திரிகை அலுவலகத்தில் அந்தச் சீட்டை மட்டும்தான் கேட்டார்கள். பிள்ளைகள் என்ன வாசித்தார்கள் என்று ஒரு நாளும் ஒருவரும் கேட்கவில்லை.

நான் பஸ்ஸிலேயே ஊர்ப் பக்கத்தை வாசித்து, என் பிரதியில் ஒரு செய்தியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஓரத்தில் யார், எங்கே, எதற்கு என்று மூன்று கேள்வி எழுதிக்கொள்வேன். எட்டாம் வகுப்பில் ஒருவர் எழுந்து அந்தச் செய்தியை வாசிக்க வேண்டும். மற்றவர்கள் பதில் சொல்ல வேண்டும். டெல்லியில் யார் யாரைத் திட்டினால் அவர்களுக்கென்ன? தங்கள் ஊர்ப் பெயர் வந்தால் மட்டும் கைதட்டுவார்கள். அது மாதத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிது.

ஷமீமா அந்த வகுப்பின் பேப்பர் லீடர். பதின்மூன்று வயது. பிரித்துக் கொடுப்பது, திரும்ப அடுக்குவது, என் பையிலிருந்து சீட்டை எடுத்துக்கொண்டு போய் சீல் வாங்கி வருவது எல்லாம் அவள்தான். வாயும் அதிகம். "சித்தன்னவாசலுக்கு வெள்ளக்காரங்க வந்தா போட்டோ போடுறாங்க, நாங்க டூர் போனா போட மாட்டாங்களாக்கா?" என்பாள். அவள் அத்தா, அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள், சவுதியில் டிரைவர். "எங்க ஊரு ஆம்பளைங்க பாதிப் பேரு அங்கதான இருக்காங்க? சவுதி நியூசையும் ஊர்ப் பக்கத்துல போட்டா என்னக்கா?" என்று ஒருநாள் கேட்டாள். நான் சிரித்து வைத்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை சவுதிச் செய்தி ஊர்ப் பக்கத்தில் வந்தது. அங்கே மாரடைப்பில் இறந்த டிரைவரின் உடலைக் கொண்டுவர உதவி கேட்டு, அவருடைய அண்ணன் கலெக்டரிடம் கொடுத்த மனு. பாஸ்போர்ட் அளவில் இறந்தவரின் படம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஊர்ப் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அட, பிள்ளைகளின் ஊர் வந்திருக்கிறது, இன்றைக்குக் கைதட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். வட்டம் போட்டேன். மூன்று கேள்வியும் எழுதினேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெரியவர் காத்துக்கொண்டிருந்தார். "பேப்பர் கொண்டார புள்ள நீங்கதானம்மா? நான் ஷமீமாவோட பெரியத்தா" என்றார். அத்தாவின் அண்ணன். மனுக் கொடுத்தவர் இவர்தான் என்று அப்போதுதான் புரிந்தது. அவரே மெதுவாகச் சொன்னார். தம்பி போய் நாலு நாள் ஆகிறது. வீட்டில் சொல்லவில்லை. காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். அந்த ஊரில் அதுதான் வழக்கம். வெளிநாட்டில் ஒருவர் போய்விட்டால், உடல் திருச்சிக்கு வந்து இறங்குகிற வரை பெண்டாட்டி பிள்ளைகளுக்கு மூச்சு விட மாட்டார்கள். "மய்யத்து வந்து சேர எத்தனை நாளாகுமோ. அது வரைக்கும் எதைப் பாத்தும்மா அழுவாங்க? மனுக் குடுத்தா பேப்பர்ல வரும்னு எனக்குத் தோணல. காலைல ஊருக்குள்ள வந்த பேப்பர் எல்லாத்தையும் வாங்கி வச்சிட்டேன். பள்ளிக்கூடத்துக்கு இருபது வருதுன்னு அப்புறந்தான் ஞாபகம் வந்துச்சு" என்றார்.

அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்பியிருக்கலாம். அன்றைக்கென்று பார்த்து அலுவலகத்திலிருந்து ஒரு சார் விளம்பரத்துக்குப் போட்டோ எடுக்க வருகிறார். எல்லாப் பிள்ளைகள் கையிலும் பேப்பர் இருந்தாக வேண்டும். ஆரோக்கியமேரி டீச்சர்தான் யோசனை சொன்னார். "ஊர்ப் பக்கம் நடுத்தாள்லதான இருக்கு? இழுத்தா வந்துருமே." அவர் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று பேரும் உருவினோம். பெரியத்தா ஒவ்வொரு தாளையும் நான்காக மடித்து அடுக்கினார். மடிக்கும்போதெல்லாம் தம்பியின் முகம் மேலே வந்தது. பதினெட்டுத் தடவை. அவர் கடைசி வரை அழவில்லை. எனக்குத்தான் மூக்கை உறிஞ்ச வேண்டியிருந்தது.

வகுப்பில் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். "அக்கா, அஞ்சாம் பக்கத்தக் காணோம்!"

"பிரஸ்ல மிஷின் கோளாறு" என்றேன். விளையாட்டுப் பக்கத்தை வாசிக்கச் சொன்னேன். எப்படியோ அரைமணி நேரம் ஓடியது. அப்பாடா என்றிருந்தது. அந்த அலுப்பில், தினமும் சொல்கிற பழக்கத்தில், வாய் தானாகச் சொன்னது: "ஷமீமா, பையில சீட்டு இருக்கு பாரு, எடுத்துட்டுப் போயி சீல் வாங்கிட்டு வா."

சீட்டை என் பிரதிக்குள்தான் மடித்து வைத்திருப்பேன், அவளும் பேப்பரோடுதான் எடுத்துப் போவாள். அதன் நடுத்தாளை நான் உருவவில்லை.

எனக்கு உறைத்தபோது அவள் போய் வெகு நேரமாகியிருந்தது. பின்னாலேயே ஓடலாமென்றால் போட்டோ சார் வந்து நின்று, உயரவாரியாக நிற்க வைக்கச் சொல்கிறார். பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! அவள் வந்தாள். சீட்டை நீட்டினாள், சீல் நேராக விழுந்திருந்தது. என் பேப்பரை மடித்துப் பையில் வைத்தாள். முகம் கழுவியிருந்தாள். முன்வரிசையில் தன் இடத்தில் போய் நின்றாள். "நல்லா விரிச்சுப் புடிம்மா, பேப்பர் பேரு தெரியணும்" என்றார் சார். விரித்துப் பிடித்தாள்.

மதியம் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு அவளே என்னைக் கூப்பிட்டாள். "அம்மாட்ட சொல்லிட்டாங்களாக்கா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப எனக்குத் தெரியும்னு பெரியத்தாட்ட சொல்லிராதீங்க. எனக்குத் தெரிஞ்சுருச்சுன்னா அவரு அம்மாட்டயும் சொல்லிருவாரு. காய்ச்சல் கொறஞ்சிருச்சுன்னு சொன்னாங்கள்ல, நேத்துலேர்ந்துதான் அம்மா சோறு திங்கிறாங்க."

என் மூன்று கேள்விகளையும் அவள் பார்த்திருப்பாள். தன் அத்தாவின் படத்துக்குப் பக்கத்தில், யார், எங்கே, எதற்கு என்று என் கையெழுத்தில். அதைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். இன்றைக்கும் உறுத்துகிறது.

நான் யாரிடமும் சொல்லவில்லை. உடல் இருந்த பெட்டி வந்து சேர இன்னும் ஒன்பது நாள் ஆயிற்று. ஷமீமா ஒரு நாள் விடாமல் பள்ளிக்கூடம் வந்தாள். பேப்பர் பிரித்துக் கொடுத்தாள், குடிதண்ணீர்ச் செய்தியை எல்லோரையும்விடச் சத்தமாக வாசித்தாள். பெட்டி வந்த அன்று வீடே கதறியபோது அவள் மட்டும் அம்மாவைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தாளாம். "பாவம் டீச்சர், அதிர்ச்சில பிள்ளைக்கு அழுகையே வரல" என்று பெரியத்தா ஆரோக்கியமேரி டீச்சரிடம் சொல்லியிருக்கிறார்.

அந்த வருடமே திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். நான் நிருபராகவில்லை, ஒரு அலுவலகத்தில் வருகிற கடிதங்களுக்கு எண் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஊர்ப் பக்கத்தில் இப்போது பாதி விளம்பரம். சவுதியில் ஒருவருக்கு ஏதாவது என்றால், கூட இருப்பவர் போட்டோவோடு குரூப்பில் போட்டுவிடுகிறார். கலெக்டருக்கு மனு எழுதுவதற்கு முன்னால் பெண்டாட்டி செல்போனில் பார்த்துவிடுகிறாள். மறைத்தது சரி என்று நான் சொல்ல வரவில்லை. சொந்தப் புருஷன் சாவை ஒருத்திக்குக் கடைசியில் சொல்வது என்ன நியாயம்? ஆனாலும் புருஷனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது என்று நம்பி, மூன்று வேளையும் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த ஒன்பது நாளை அந்த அம்மாவுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கொடுத்தாள். இப்போது அப்படி ஒரு நாளைக்கூட யாராலும் யாருக்கும் கொடுக்க முடிவதில்லை.