ஜெரோட்டிச்சை மட்டும் ஏற்றாத வண்டி

கென்யாவின் இட்டென் ஊரில் வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டும் கிமாரு, ஆட்டைக்கூடப் பின்னால் ஏற்றுவார். எங்கள் ஊர் ஓட்டக்காரி ஜெரோட்டிச்சை மட்டும் ஏற்றமாட்டார். போன பந்தயத்தில் அவள் ஏழாவதாக வந்ததிலிருந்து அவருக்கு உகாலிக் களி தொண்டையில் இறங்கவில்லை.

அடுத்த பந்தயத்துக்கு அவள் விமானம் பிடிக்க வேண்டிய காலையில், எல்டோரெட் விமான நிலையத்துக்குப் போகும் வேன் கிளம்பப் பதினைந்து நிமிடமே இருந்தது. அவள் வீட்டிலிருந்து வேன் நிற்கும் சந்தை முனைக்கு நாலு கிலோமீட்டர்.

"அண்ணே, இன்னிக்கு மட்டும் ஏத்திக்குங்க. பந்தயமே போயிடும்."

"வண்டில போய்ப் பழகின காலு ஓடுமா தாயி? பைய மட்டும் குடு."

பையை வண்டியில் கட்டிக்கொண்டு, ஓடும் அவள் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டு போனார். "தோள இறக்கு! போன தடவ இதுலதான் கெட்ட!"

மூன்றாவது கிலோமீட்டரில் பெட்ரோல் தீர்ந்தது. அவள் பையை அவிழ்த்து முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினாள். சந்தை முனை டீக்கடை வாசலில் நின்ற என் கண்ணெதிரே, நகரத் தொடங்கிய வேனில் தொற்றிக்கொண்டாள்.

வெகுநேரம் கழித்துக் கிமாரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வேனப் பிடிச்சுட்டா அண்ணே. பதினாலு நிமிஷமாம், ஜன்னல்லேர்ந்து கத்திட்டுப் போனா" என்றேன்.

கிமாரு தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"பையோட பதினாலா? எல்லாத்தையும் இங்கயே ஓடித் தீத்துட்டாளே! அங்க போய் எத ஓடுவா?"