குழாயின் மறுமுனை

கேட்டவர்கள் நம்பாவிட்டாலும் ராபினுக்கு வருத்தமில்லை. நம்ப வைக்க அவர் முயன்றதும் இல்லை. ஆனால் இது நடந்தது. திருமுருகன்பூண்டிக்குப் பக்கத்தில், ஒரு பனியன் கம்பெனியின் பழைய குடோனில். அதுவும் பட்டப்பகலில்.

கம்பெனி முதலாளி சுப்பண்ணன் எங்கிருந்தோ பழைய இரண்டு சீட்டு விமானம் ஒன்றை வாங்கி வந்து அங்கே நிறுத்தியிருந்தார். அதைப் பறக்க வைக்கும் வேலை ராபினுடையது. நாகர்கோவில்காரர், விமான மெக்கானிக்காகவே தலை நரைத்தவர். கூட இருந்தவன் அப்ரோஸ், கம்பெனியில் நிட்டிங் மிஷின் பார்ப்பவன்.

அந்த வாரம் பெட்ரோல் குழாய் மாட்டும் வேலை. டேங்க் இறக்கைக்குள் இருந்தது. அங்கிருந்து அலுமினியக் குழாய் உள்ளே வந்து, சீட்டுக்கு முன்னால் தரையோடு இருக்கும் வால்வில் சேர வேண்டும். சக்கரங்களைக் கழற்றி விமானத்தை ஸ்டாண்டுகள் மேல் ஏற்றியிருந்தார்கள். ஒருவர் உள்ளே தலைகீழாகக் கவிழ்ந்து குழாயைப் பிடிக்க, இன்னொருவர் இறக்கைக்கு அடியில் மல்லாந்து படுத்துத் தள்ள வேண்டும். பக்கத்தில் ஓடும் கம்பெனி மிஷின் சத்தத்தில் ஒருவர் பேச்சு மற்றவருக்குக் கேட்காது. அதனால் குழாயைத் தட்டிக்கொள்வார்கள். பழைய மெக்கானிக்குகளின் வழக்கம் அது. இரண்டு தட்டு என்றால், தள்ளு; அதுவே அடியிலிருந்து வந்தால், தள்ளட்டுமா. ஒரு தட்டு என்றால், இரு.

வெள்ளிக்கிழமை மதியம் அப்ரோஸ் தொழுகைக்குக் கிளம்பினான்.

"அண்ணே, பிரியாணியோட வர்றேன். அதுக்குள்ள பறந்துராதீங்க."

"பெட்ரோல் இல்லாம எங்கலே பறக்க?"

ராபினுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஒரு நட்டுதானே என்று தனியாகவே உள்ளே இறங்கினார். தலை கீழே, கால் சீட்டுக்கு மேலே. நட்டை முறுக்கிவிட்டார். வெளியே வரப் பார்த்தால்... தோள் இரண்டு கம்பிகளுக்கு நடுவில் மாட்டியிருந்தது. போன் மேஜையில். சரி, அப்ரோஸ் வந்து காலைப் பிடித்து இழுப்பான் என்று தனக்குள் சிரித்துக்கொண்டார்.

டொக்... டொக்.

சாலைக்கு அந்தப் பக்கம் சிற்பப் பட்டறைகள் உண்டு. உளிச் சத்தம் என்று நினைத்தார். ஆனால் சாப்பாட்டு நேரம். உளிகள் எப்போதோ ஓய்ந்திருந்தன. மிஷின்களும்தான். தவிர, அந்தச் சத்தம் காதில் மட்டும் கேட்கவில்லை. கையில் பிடித்திருந்த குழாயிலும் அதிர்ந்தது.

அப்ரோஸ் அதற்குள் வந்துவிட்டானா? ராபின் ஒரு முறை தட்டினார். இரு.

டொக் டொக்... டொக் டொக்...

அவசரப்படுகிறான். மறுபடியும் தட்டினார். இரு.

இப்போது கணக்கே இல்லாமல் விழுந்தது தட்டு. ஸ்பானர் சத்தம் இல்லை. வெறும் கை.

ஸ்டாண்டு நழுவி, இறக்கை அவன் மேல் இறங்கிவிட்டதோ? விமானம் அசைந்ததா? தலைகீழாகக் கிடந்தவருக்கு எதுவும் நிச்சயமில்லை.

"அப்ரோஸ்... பேசுலே."

தோளைப் பிடுங்கினார். தோல் உரிந்தது. தோள் வரவில்லை.

தட்டு மெலிந்தது.

ஒன்று...

வெகுநேரம் கழித்து, இன்னொன்று...

"எப்பா... யாரா இருந்தாலும் கேளு. நான் ராபின். உள்ள மாட்டிக்கிட்டேன். என்னால ஒண்ணும் செய்ய முடியல."

நின்றுவிட்டது.

அப்புறம் யாரோ காலைப் பிடித்தார்கள்.

அப்ரோஸ்தான். தலையில் தொழுகைத் தொப்பி. இப்போதுதான் பள்ளிவாசலிலிருந்து வருகிறேன் என்றான். ராபின் தரையில் படுத்து இறக்கைக்கு அடியில் பார்த்தார். ஸ்டாண்டு நகரவில்லை. யாரும் இல்லை.

மறுநாள் விஷயத்தைக் கேட்ட சுப்பண்ணன், விமானத்தை விற்றவருக்குப் போன் போட்டார். பிறகு சொன்னார்.

பல வருடங்களுக்கு முன் இதே குழாயை மாற்றும்போது ஸ்டாண்டு நழுவியதாம். அடியில் படுத்திருந்த மெக்கானிக்கின் நெஞ்சில் இறக்கை இறங்கியிருக்கிறது. கத்த மூச்சில்லை. குழாயைத் தட்டியிருக்கிறார். அவருடைய கூட்டாளி சாப்பிடப் போக, உள்ளே வேறு ஆள் இறங்கியிருந்தது அவருக்குத் தெரியாது. அந்த ஆள் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு தட்டுத் தட்டி, இரு, இரு என்றே சொல்லிக்கொண்டிருந்தானாம்.

"கூட்டாளி ஓடியாந்து தூக்கறப்ப உசுரு இருந்துச்சாமுங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாராம். அப்ப உள்ள இருந்தது யாருன்னு."

"சொன்னாங்களா?"

"இல்லீங்க. பேரைச் சொல்றதுக்குள்ள முடிஞ்சுருச்சாம்."

தன் பெயரைச் சொன்ன பிறகுதான் அந்தத் தட்டு நின்றது என்பது ராபினுக்கு நினைவு வந்தது.