முன்கூட்டியே போட்ட மொட்டை

முருகனைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பதில் நாலாம் வகுப்பு படிக்கும்போது நான் மிகத் தெளிவாக இருந்தேன். திருத்தணியில் நாங்களும் பெரியப்பா பெரியம்மாவும் சேர்ந்திருந்த வீடு மலையடிவாரத்தில். ஜன்னலைத் திறந்தால் படிக்கட்டு. பரீட்சை, பல்வலி, தொலைந்துபோன கொலுசு என்று எதற்கும் நேராக மேலே மனுப் போட்டுவிடுவேன். டைபாய்டு வந்து பிழைத்ததற்கு எனக்கு மொட்டை போட்டார்கள். அந்தத் தலையோடு பள்ளிக்கூடத்தில் நான் காட்டிய மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் பெரியம்மாவுக்கு யோசனை சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நினைத்தேன்.

பெரியப்பா ஆர்.கே.பேட்டை டவுன் பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். மறதி நோய் வந்து எங்களை ஒவ்வொருவராக மறந்துகொண்டு வந்தார். முதலில் என்னை, பிறகு என் அம்மாவை, கடைசியில் கூடப்பிறந்த தம்பியான என் நைனாவையே. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவது. பெரியம்மாவை மட்டும் அவர் மறக்கவில்லை. அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். கடைத்தெருவுக்குப் போனால் அந்தப் பின்னலின் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் பின்னால் நடப்பார். கூட்டத்தில் கை விட்டுப்போனால் நின்ற இடத்திலேயே அழுதுவிடுவார். எனக்குச் சிரிப்பு வரும். பெரியம்மா சிரிக்க மாட்டாள். "புடிச்சிகினு வர்றீங்களா?" என்று திரும்பிப் பார்க்காமலே கேட்பாள். "ஆங்" என்பார்.

இது குணமாகிற வியாதி இல்லை, பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "மொட்ட போட்டுக்கோ பெரியம்மா, எனக்கு அப்படித்தான் சரியாச்சி," என்றேன். குணமான பிறகு முடி கொடுப்பதுதான் வழக்கம். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் சாமியால் தட்டிக்கழிக்க முடியாது என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. பெரியம்மா என்னை வெகுநேரம் பார்த்தாள். எல்லோரும் கையை விரித்துவிட்ட வீட்டில் தைரியமாகப் பேசியது நான் ஒருத்திதான் போலிருக்கிறது.

அடுத்த கிருத்திகையன்று காலையில் பெரியப்பாவை என் அம்மாவிடம் விட்டுவிட்டு மலையேறினாள். வெயில் ஏறுவதற்குள் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வாசலில் வந்து நின்றாள். நான் பெருமையாகப் பெரியப்பாவைப் பார்த்தேன். அவர் மரியாதையாக எழுந்து நின்றார்.

"வாங்க, உக்காருங்க. அவ மலைக்குப் போயிருக்கா, இப்ப வந்துடுவா."

"நான்தாங்க," என்றாள் பெரியம்மா. குரல் அதே குரல்தான். அவருக்கு அது போதவில்லை.

மதியம் தட்டைத் தள்ளிவைத்தார். அவ வரட்டும் என்றார். சர்க்கரை மாத்திரையும் போடவில்லை. சாயங்காலம் நைனா கல்யாண போட்டோவைக் கொண்டுவந்து நீட்டி, "அண்ணா, இவங்கதான் அண்ணி, நல்லா பாரு," என்று அதட்டினார். பெரியப்பா போட்டோவையும் பெரியம்மாவையும் மாறிமாறிப் பார்த்தார். "அவள இன்னா பண்ணீங்க?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. ஓடிப்போய் அம்மாவின் சவுரி முடியை எடுத்துவந்தேன். மொட்டைத் தலையில் சவுரி எங்கே நிற்கும்? துண்டைக் கட்டி அதில் சொருகினேன். பெரியப்பா பார்த்துவிட்டு, "பாவம், யாருங்க இவங்க?" என்றார். அன்று முழுக்கத் தண்ணீர் மட்டும்தான் குடித்தார்.

மறுநாள் காலையில் பெரியம்மா இட்லித் தட்டோடு வந்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்தாள்.

"உங்க சம்சாரம் வர்றதுக்கு நாளாவுமாம்ங்க. அதுவரைக்கும் உங்களப் பாத்துக்கச் சொல்லி என்ன அனுப்பினாங்க."

"அவளா சொன்னா?"

"ஆங். சாப்புடலன்னா கோச்சிக்குவேன்னாங்க."

பெரியப்பாவின் முகம் தெளிந்தது. "அவ சொல்லுவா," என்று தட்டை இழுத்துக்கொண்டார். நாலு இட்லி சாப்பிட்டார். பெரியம்மா முற்றத்துக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அன்றிலிருந்து அவள் தன் வீட்டிலேயே வேலைக்கு வந்தவளானாள். பெரியப்பா அவளிடம் 'ங்க' போட்டுப் பேசினார். "நீங்க சாப்ட்டீங்களா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்வியை அவர் அவளிடம் கேட்டதே இல்லையாம். அம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ரசம் ஊற்றினால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா அவ கை ரசம் வேற," என்பார். பெரியம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு. தெருவில் நடக்கும்போது அவள் முந்தானை நுனியை நீட்டுவாள். முதலில் கூச்சப்பட்டார், பிறகு பிடித்துக்கொண்டார்.

ஒருநாள் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னது காதில் விழுந்தது. "அவகிட்ட நான் ஒரு நல்ல வார்த்த பேசினதில்லீங்க. வண்டி, டியூட்டின்னே போயிடுச்சி. வந்தா சொல்லணும்."

"எங்கிட்ட சொல்லுங்க," என்றாள் பெரியம்மா. "நான் அவங்ககிட்ட சொல்லிடறேன்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். எனக்குச் சலிப்புத் தட்டியது, எழுந்து விளையாடப் போய்விட்டேன். இன்றுவரை அதை நினைத்தால் என்னையே அறையலாம் போலிருக்கிறது.

எட்டு மாதத்தில் பெரியம்மாவுக்கு முடி காதைத் தாண்டி வளர்ந்தது. நான் விரலால் அளந்துகொண்டே இருந்தேன். பழையபடி பின்னல் வந்துவிட்டால் பெரியப்பா அடையாளம் கண்டுகொள்வார், என் தப்பு சரியாகிவிடும். கடைத்தெருவில் சிவப்பு கிளிப் ஒன்றுகூட வாங்கி வைத்தேன். அந்த வாரமே பெரியப்பா அவளைப் பார்த்து ஒருமாதிரி தயங்கினார். தட்டை வாங்கும்போது, "அந்த அம்மா வரலியா?" என்று கேட்டார்.

மறுநாள் காலையில் பெரியம்மா மலைக்குப் போய் மறுபடி மொட்டை போட்டுக்கொண்டு வந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "சாமிதான் ஒண்ணும் செய்யலியே, எதுக்கு இன்னொரு தடவ குடுத்த?" என்று வாசலிலேயே மறித்தேன். அவள் என் கன்னத்தில் சந்தனக் கையால் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

"வந்துட்டீங்களா? உங்களக் காணோம்னு பயந்துட்டேன்," என்றார் பெரியப்பா. "சாப்ட்டீங்களா?"

பலிக்காத ஒரு வேண்டுதலுக்கு இரண்டு முறை முடியைக் கொடுத்து ஏமாந்துவிட்டாளே என்று, வாசலில் நின்று நான் பெரியம்மாவுக்காக அழுதேன்.