பெரியம்மாவின் புற்று

அந்த வருஷம் எங்கள் வீட்டு மல்லிகைக் கொடி பூத்ததெல்லாம் பெரியம்மாவின் மார்புக்குப் போயிற்று. தலைக்கு இல்லை, மார்புக்கு. பறித்து வருவது நான். துணியில் பரப்பி, இடப்பக்கம் வைத்து இறுக்கிக் கட்டுவது அம்மா. பால்கட்டு கரைய மல்லிகையைவிட மருந்து ஏது? எனக்கோ என் சடை வெறுமனே தொங்குகிறதே என்ற ஆத்திரம்.

அம்மாவும் பெரியம்மாவும் உடன்பிறந்தவர்கள். அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தவர்கள்.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சாத்தான் என்னன்னு கேக்கலாமே. அது பாட்டுக்குக் கெடக்குது, புளியங்கொட்டையாட்ட."

வலிக்காத ஒன்றை யார் பொருட்படுத்துவார்கள்? பூ வாடியது, கொட்டை வாடவில்லை. வளர்ந்தது. ஒருநாள் எண்ணெய் தேய்க்கும்போது, அதன் மேல் தோல் குழிந்து உள்ளே இழுத்திருப்பதை அம்மா பார்த்தாள். மறுநாளே பெரியப்பாவோடு சேலத்துக்குப் புறப்பட்டோம். உலகச் சண்டைக் காலம், பெட்ரோல் கிடைக்காது. பஸ் தன் முதுகில் ஒரு கரியடுப்பைச் சுமந்துகொண்டு புகைந்து புகைந்து போயிற்று. அதைவிட அதிசயம் உலகில் இல்லை என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு பெண், கையில் கடிகாரம் கட்டி, ஆண்களை அதட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த டாக்டரம்மா பெரியம்மாவின் மார்பை அழுத்திப் பார்த்தார். அக்குளையும் விடவில்லை.

"பால்கட்டுங்க. தானாக் கரஞ்சிருமுங்க" என்றாள் பெரியம்மா, அவரைத் தேற்றுகிறவள் போல.

"கைக்குழந்தைக்கு எத்தனை மாசம்?"

பெரியம்மா சிரித்துவிட்டாள். "கைக்கொழந்தைங்களா? கடைசிப் பையன் ஏரு ஓட்டறானுங்க!"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அப்போ பால் எங்கேயிருந்தும்மா வந்தது?"

எங்கள் தெருவே வந்து தொட்டுப் பார்த்துப் போயிருந்தது. எல்லாரும் பெற்று வளர்த்தவர்கள். ஒருத்திக்கும் இந்தக் கேள்வி வரவில்லை. பூக் கட்டிய தன் விரல்களை அம்மா முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"இது புற்று. முழுசா எடுத்துடணும்."

எனக்குச் சிலிர்த்தது. எங்கள் காட்டு வேலியோரத்தில் ஒரு புற்று இருந்தது. பாலும் முட்டையும் வைப்போம், செருப்போடு அந்தப் பக்கம் போகமாட்டோம். அதுவா பெரியம்மாவுக்குள்? பாம்பும் இருக்குமா?

"எடுத்தாப் பொழச்சுக்குவனுங்களா?"

"எடுக்காட்டி நிச்சயமா இல்லை. எடுத்தா, பிழைக்க வழி இருக்கு."

பெரியப்பா தரையைப் பார்த்தார். பெரியம்மா அவரைப் பார்க்கவில்லை. "அறுத்துப்போடுங்க. ஊட்ல மாடு கன்னு காத்துக் கெடக்குது."

மயக்க மருந்து கொடுத்து அறுத்தார்கள். வாரக்கணக்கில் அங்கேயே கிடந்து, மெலிந்து, இடது கையைத் தூக்க முடியாமல், ஆனால் நடந்தே வீட்டுக்குள் வந்தாள். குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்த தெருப்பெண்களைத் தானே கிணற்றடிக்கு வரச்சொன்னாள். நல்ல வெயில். மாராப்பை இறக்கினாள்.

அங்கே ஒன்றுமே இல்லை. மேடு கரைத்து நிரவிய நிலம். அக்குள்வரை ஏறிப்போகும் ஒரு தையல் தடம். அம்மைத் தழும்பு விழுந்த முகத்தை, இடி விழுந்த பனையை எல்லாம் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. அசிங்கமாக இல்லை அது. சன்னிதியில் திரை விலகினாற்போல் மூச்சு நின்றது எனக்கு.

"வெக்கமென்ன, நல்லாப் பாத்துக்கங்க. வலிக்கலீன்னுதான் நான் உட்டுப்போட்டேன். உங்களுக்கும் வலிக்காது சாமி."

ஒருத்தியின் கை தன் சேலைக்குள் போனது. பிறகு இன்னொருத்தியுடையது. எல்லாரும் கண்ணை எங்கோ வைத்துக்கொண்டு, விரல்களால் தங்கள் மார்பைத் தடவித் தடவி நின்றார்கள். இது ஒரு புதுக் கும்பிடு என்று கண்டுகொண்டேன். என் எலும்பு நெஞ்சில் நானும் கை வைத்தேன்.

ஒவ்வொருத்தியாகக் கையை எடுத்தாள், மூச்சு விட்டாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மாவின் கை மட்டும் ஓரிடத்தில் நின்றுவிட்டது. மற்றவர்களைவிட அவளுக்குப் பக்தி அதிகம் என்று எனக்கு ஒரே பெருமை. அவள் எடுக்கும்வரை நானும் எடுப்பதில்லை என்று, கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்திலேயே நின்றேன்.