ஆற்றுக்குள் விசிறி, கரையில் பெண் பார்ப்பு

பெண் பார்க்க வருகிறவர்கள் சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு, "போய்த் தகவல் சொல்றோம்" என்று கிளம்புவதுதான் வழக்கம். கே.கே. நகரிலிருந்து வந்தவர்கள் எங்களை ஆற்றுக்கு அழைத்துப் போனார்கள்.

பையன் இன்ஜினியர். கடல் ஏறி இறங்கும்போது அடியில் நீரோட்டம் ஓடுகிறதல்லவா, அதற்குள் விசிறி போன்ற ஒன்றை இறக்கி மின்சாரம் எடுக்கும் கம்பெனியில் வேலை. திருச்சியில் கடல் இல்லாத குறையைப் போக்க, அதன் சின்ன மாடல் ஒன்றைச் செய்து அம்மா மண்டபம் படித்துறைக்குச் சற்றுக் கிழக்கே காவிரியில் இறக்கியிருந்தான்.

"காத்து நின்னுடும், வெயில் மறைஞ்சிடும், சம்பந்தி. கடல் நிக்கவே நிக்காது. அதுக்கு நாளும் கிடையாது, நட்சத்திரமும் கிடையாது!" என்றார் அவன் அப்பா. ராகுகாலம் முடியட்டும் என்று எங்கள் தெருமுனையில் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டு வந்தவர் அவர்.

நான் பத்தாவது படித்துவிட்டுப் பாலக்கரை இரும்புக் கடையில் பில் போடுகிறவன். புதியவர்கள் முன்னால் எனக்குத் தலைதான் ஆடும், வாய் வராது. ஆட்டினேன். முன்பு வந்த இடங்களெல்லாம் ஜாதகத்தில் தட்டிப்போயின. விஞ்ஞானம் பேசுகிற குடும்பம், இதாவது என் பெண்ணுக்கு அமையும் என்று நம்பியிருந்தேன்.

கரையில் ஒரு பல்பு எரிந்தது. பட்டப்பகலில் எரிகிற பல்பைச் சுற்றி நின்று கைதட்டினோம். தட்டி முடிப்பதற்குள் அணைந்தது.

"ஏதோ சிக்கியிருக்குப்பா" என்றான் பையன். தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ஷூ புதுசு. இறங்க யாராவது ஆள் கிடைப்பானா என்று அப்பாவும் பிள்ளையும் கரை நெடுகப் பார்த்தார்கள்.

என் பெண் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள். விசிறியில் சுற்றியிருந்ததை உருவினாள். உருவ உருவ வந்துகொண்டே இருந்தது. முழு வேட்டி. படித்துறையில் கருமாதி முடித்த யாரோ ஆற்றோடு விட்டது. பல்பு மறுபடி எரிந்தது. யாரும் கைதட்டவில்லை.

"ஐயய்யோ, அதைப் போய்த் தொட்டுட்டியேம்மா!" என்று பையனின் அம்மா பின்வாங்கினார். "நல்ல காரியம் பேச வந்த எடத்துல இதென்ன சகுனம்!"

"சகுனம் இல்லீங்க ஆன்ட்டி, வேட்டி" என்றாள் என் பெண்.

கடலை நம்பியவர் என் பக்கம் திரும்பினார். "அவங்க மனசையும் பார்க்கணும்ல, சார்." வரும்போது சம்பந்தி, இப்போது சார்.

பையன் ஒரு வார்த்தை சொல்வான் என்று பார்த்தேன். சொன்னான். பல்பை வீடியோ எடுத்தபடியே என் பெண்ணிடம், "கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? வீடியோவுல விழறீங்க" என்றான்.

அவள் கரையேறிப் புடவையைப் பிழிந்தாள்.

"அப்பா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள்.

"எங்களுக்குச் சரிப்பட்டு வராதுங்க. பார்த்துப் போங்க, படி வழுக்கும்."